வேலையை விடாமல் இறையியல் படிப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு

கேள்வி இதுதான். கேட்டவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை இரவு பஸ் ஏறி ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறார். ஞாயிறு காலை அங்கே இருபது முப்பது பேர் கூடும் சபையில் பிரசங்கம் செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறார். ஆங்கிலம் வாசித்தால் புரியும், எழுத வராது. செமினரியில் தங்கிப் படிக்க வழியில்லை. தபால் வழியில் இறையியல் படிக்க முடியுமா, எதில் சேர்வது, தமிழில் உண்டா, அந்தப் பட்டம் செல்லுமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். தமிழிலும் உண்டு. ஆனால் "எதில் சேர்வது" என்ற கேள்வியை முதலில் வைத்ததால்தான் பலர் காசையும் இரண்டு மூன்று வருடத்தையும் இழக்கிறார்கள். "எதற்குப் படிக்கிறேன்" என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பிரசங்கமும் போதனையும் ஆழமாக வேண்டும் என்பது ஒரு நோக்கம். குருப்பட்டம் பெற்று ஆயராக, அதாவது சபையின் குருவாக வேண்டும் என்பது இன்னொன்று. அரசு ஏற்கும் பட்டம் கையில் இருக்க வேண்டும், பின்னால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ காட்ட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் கதவு வேறு வேறு. ஒரு கதவில் நுழைந்துவிட்டு மற்றதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

குருப்பட்டத்தை முதலில் பேசிவிடலாம். தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் ஆயர் பணிக்கு ஆள் எடுப்பது திருமண்டலம் அல்லது சபைத் தலைமை. அவர்கள் தேர்ந்தெடுத்து, பொதுவாகத் தங்கிப் படிக்கும் இறையியல் கல்லூரிக்கு பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்க அனுப்புவார்கள். தபாலில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய் நின்றால் குருப்பட்டம் கிடைக்காது. அந்த எண்ணம் இருந்தால் இன்றே உங்கள் ஆயரிடம் பேசி, வேட்பாளர் தேர்வு எப்போது, வயது வரம்பு என்ன என்று கேளுங்கள். கத்தோலிக்கத்தில் குருத்துவம் முழுக்கக் குருமடப் பயிற்சிதான். பொதுநிலையினராக, அதாவது குருவாகாமல், மறைக்கல்வி கற்பிக்க விரும்புவோர் பங்குத் தந்தை வழியாகத் தருமபுரி மறைமாவட்டத்தையோ, திண்டிவனத்தில் இருக்கும் தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையத்தையோ அணுகலாம். சுயாதீன சபைகளில் அந்தந்த சபையின் விதி. அங்கே படிப்பை விட மூத்த போதகரின் ஒப்புதலுக்கே எடை அதிகம்.

இனி பட்டம் செல்லுமா என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) சட்டம் 1956-ன் 22-வது பிரிவு ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது: மத்திய, மாகாண அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பாராளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவை மட்டுமே பட்டம் வழங்கலாம். டிரஸ்ட் பதிவுச் சான்றும் சங்கப் பதிவும் இருந்தால் கல்வி கற்பிக்கலாம், சான்றிதழும் கொடுக்கலாம். சட்டத்தின் பொருளில் அது பட்டம் ஆகாது. மீறினால் அந்தச் சட்டம் எழுதி வைத்த அபராதம் ஆயிரம் ரூபாய்தான். பட்டம் விற்கும் கடைகள் ஏன் மூடுவதில்லை என்பது இதிலேயே தெரியும்.

இறையியலில் இந்த வரம்புக்குள் வரும் பழைய நிறுவனம் வங்காளத்து செராம்பூர். வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் மூவரும் 1818-ல் தொடங்கிய கல்லூரி அது. அப்போது செராம்பூர் டேனிஷ் ஆட்சியில் இருந்தது. 1827-ல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனம் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. 1918-ல் வங்காள மாகாணச் சட்டம் அந்த உரிமையை உறுதி செய்தது. இன்று செராம்பூர் செனட்டின் கீழ் நாடு முழுவதும் இறையியல் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியும், தமிழ் வழியில் பி.டி. நடத்தும் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அவற்றில் சேர்ந்தவை. வேலையில் இருப்பவர்களுக்காக செனட் 'செப்டர்' என்ற விரிவாக்கப் பிரிவை வைத்திருக்கிறது. அதன் வழியாகக் கிறிஸ்தவக் கல்வியில் டிப்ளமோவும், பி.சி.எஸ். என்ற இளநிலைப் பட்டமும் படிக்கலாம். இவை பொதுநிலையினரை மனதில் வைத்து அமைத்தவை. பி.சி.எஸ். வேறு, பி.டி. வேறு. பி.சி.எஸ். முடித்தவர் ஆயராகிவிட மாட்டார்.

இன்னொரு வகை, ஆசிய இறையியல் சங்கம் தரமதிப்பீடு செய்த வேதாகமக் கல்லூரிகள். 1970-ல் அமைந்த இந்தச் சங்கம் ஆசிரியர் தகுதி, நூலகம், பாடத்திட்டம், தேர்வு முறை ஆகியவற்றைப் பார்த்துச் சான்று கொடுக்கிறது. சபைகளும் மிஷன் அமைப்புகளும் மற்ற செமினரிகளும் அதை மதிக்கின்றன. அது அரசு அங்கீகாரம் அல்ல. டி.என்.பி.எஸ்.சி.க்கோ பி.எட்.டுக்கோ அதைக் காட்ட முடியாது. உங்கள் நோக்கம் பிரசங்கம் என்றால் இந்தக் குறை உங்களைத் தொடவே தொடாது.

அரசு ஏற்கும் பட்டம்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. சேர்வதற்கு முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட பாடம், அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன வருடம் இருந்த பாடம் இந்த வருடம் இல்லாமல் போகும். 2024 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து மாணவரே தமக்கு அந்தப் பணியகத்தின் டெப் ஐ.டி. என்ற எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டாக்டர் பட்டம் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூட்டம், கறுப்பு அங்கி, தொப்பி, போட்டோ, கையில் ஒரு பட்டயம். கொடுப்பது ஏதோ ஓர் அமெரிக்கப் பெயர். ஃப்ளோரிடா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் மதக் கல்லூரிகளுக்கு மாநில உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. விலக்கு என்றால் அரசு அதன் தரத்தைச் சோதிக்கவில்லை என்று பொருள். அதையே "அமெரிக்க அரசு அங்கீகாரம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். உண்மையாகவே தரமதிப்பீடு பெற்ற அமெரிக்கக் கல்லூரியா என்று தெரிய, அந்நாட்டு உயர்கல்வித் தரமதிப்பீட்டு மன்றமான சீயாவின் தளத்தில் பெயரைத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கிராமத்துச் சபை மக்கள் தங்கள் போதகர் பெயருக்கு முன்னால் வரும் எழுத்தை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்கிய காகிதத்தின் மேல் வைக்கக் கூடாது.

கேட்டவரின் நிலைக்கு என் பரிந்துரை, விரிவாக்க இறையியல் கல்வி. இதைத் தபால் படிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. 1963-ல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரியில் இது தொடங்கியது. கிராமத்துச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் குடும்பமும் நிலமும் உள்ளவர்கள். அவர்களால் செமினரிக்கு வர முடியவில்லை. வந்து படித்த இளைஞர்களோ திரும்பிக் கிராமத்துக்குப் போகவில்லை. அதனால் செமினரியையே அவர்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். இந்தியாவில் இதற்கென்று 1971-ல் பெங்களூருவில் டாஃப்டீ என்ற அமைப்பு உருவானது. அடிப்படை நிலைப் பாடங்கள் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இருக்கின்றன. பட்ட நிலைப் பாடங்கள் ஆங்கிலத்தில்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கல்வியாளர் டெட் வார்ட் வேலியைக் காட்டினார். கீழும் மேலும் இரண்டு குறுக்குக் கட்டைகள். ஒன்று வீட்டில் படிக்கும் பாடம், மற்றது நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஊழியம். இரண்டையும் தாங்கி நிறுத்துவது இடைவெளி விட்டு நட்ட கம்பங்கள். அந்தக் கம்பங்கள்தான் டியூட்டரோடு கூடும் வகுப்புகள். நம் ஊரில் மாட்டுக்கு வேலி கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பம் இல்லாமல் கட்டையை மட்டும் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது. தபாலில் புத்தகம் வாங்கித் தனியாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது நான்காவது மாதம் நின்றுபோவது இதனால்தான். கெட்டிக்காரத்தனம் குறைந்ததால் அல்ல. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை, தாமதமானால் கேட்பார் இல்லை, புரிந்துகொண்டதைத் தவறு என்று சொல்ல எவரும் இல்லை.

ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் முதல் வேலை, கூடிப் படிக்க இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்ப்பது. ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, அரூர், காவேரிப்பட்டணம் என்று தேடினால் கிடைப்பார்கள். சபைப் பிரிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. லுத்தரனும் பெந்தெகொஸ்தேயும் ஒரே மேசையில் ரோமர் நிருபத்தைப் படித்தால் இருவருக்கும் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் 3 முதல் 5 வரை. டியூட்டர் நேரில் வர முடியாவிட்டால் மாதம் ஒரு முறையாவது போனில் சேரட்டும். சித்தேரி, அஞ்செட்டி மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் ஆன்லைன் வகுப்பை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். சிக்னல் போன அன்று வகுப்பும் போய்விடும். அச்சுப் பாடநூல் கொடுக்கும் இடமாகப் பாருங்கள்.

நேரக் கணக்கு. ஒரு தாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பாடம் என்று வைத்தால், ஒரு பாடத்துக்கு ஐந்து ஆறு மணி நேரம் வேண்டும். வாசிக்க இரண்டு மணி, வேதபகுதியைத் தனியாகப் படிக்க ஒரு மணி, பயிற்சிக் கேள்விகளை எழுத இரண்டு மணி, போன பாடத்தைத் திருப்பிப் பார்க்க அரை மணி. வாரம் ஒரு பாடம் என்றால் மூன்று மாதத்தில் ஒரு தாள். ஷிப்ட் வேலை செய்பவர் தினம் ஒரே மணியில் உட்காருவேன் என்று திட்டம் போட்டால் இரண்டாம் வாரமே உடையும். ஷிப்ட் மாறும்போது படிக்கும் மணியும் மாறட்டும். காலை ஷிப்ட் வாரத்தில் மாலை 4 முதல் 6, மதிய ஷிப்ட் வாரத்தில் காலை 8 முதல் 10. நைட் ஷிப்ட் வாரத்தில் புதுப் பாடம் தொடாதீர்கள், பழையதைத் திருப்புங்கள், அல்லது எழுதியதைப் படி எடுங்கள். சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வாசிக்க முடியாது, ஆனால் அந்த வாரத்து வேதபகுதியை ஒலி வேதாகமத்தில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மாங்காய்ச் சீசனில் வீட்டில் ஆள் தேவைப்படும் குடும்பங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய. மே, ஜூனில் புதுத் தாள் தொடங்காமல் ஜூலையில் தொடங்குவது நல்லது.

ஒரு வருடத்துக்கு மூன்று தாள் போதும். ஐந்து தாளுக்கு ஒரேயடியாகப் பணம் கட்டினால் சலுகை என்பார்கள். வேண்டாம்.

அடுத்தது மொழி. தமிழில் இறையியல் படிப்பவருக்கு ஆங்கிலத்தை விட முதலில் தடுக்குவது தமிழ்தான். நம்மிடம் மூன்று கிறிஸ்தவத் தமிழ் இருக்கிறது. 1871-ல் வந்த பழைய மொழிபெயர்ப்பின் தமிழ்: தேவன், கர்த்தர், சுவிசேஷம், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பின் தமிழ்: கடவுள், ஆண்டவர், நற்செய்தி, திருமுழுக்கு, தூய ஆவி. மூன்றாவது, இறையியல் நூல்களின் கலைச்சொல் தமிழ். புத்தகப் பெயர்களே மாறும். ஆதியாகமம் என்பது தொடக்க நூல், யாத்திராகமம் என்பது விடுதலைப் பயணம், சங்கீதம் என்பது திருப்பாடல்கள், பிரசங்கி என்பது சபை உரையாளர், வெளிப்படுத்தின விசேஷம் என்பது திருவெளிப்பாடு. பாடநூல் ஒரு தமிழில், உங்கள் வேதாகமம் இன்னொரு தமிழில் இருந்தால் முதல் மாதம் முழுக்கத் தடுமாற்றம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று பத்தி கட்டி, பார்க்கும் சொல்லையெல்லாம் எழுதி வாருங்கள். நூறு சொல் சேர்ந்ததும் வாசிப்பு வேகம் பிடிக்கும்.

ஆங்கிலப் பாடத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'ஜஸ்டிஃபிகேஷன்' என்றால் இறையியலில் நீதிமானாக்கப்படுதல். செயலி 'நியாயப்படுத்துதல்' என்று கொடுத்தால், நாம் செய்த தப்புக்குச் சாக்குச் சொல்வது என்ற பொருள் வந்துவிடும். 'மினிஸ்டர்' அமைச்சராகிவிடுவார். கலைச்சொல்லை மட்டும் கையால் திருத்தி, மற்றதற்குச் செயலியைப் பயன்படுத்தினால் தவறில்லை.

கிரேக்கம் என்றதும் பயப்படுகிறார்கள். எழுத்து 24, ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கித் திணறும் ஒரு விஷயம் தமிழருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும், அது வேற்றுமை. லோகோஸ் என்றால் சொல், லோகோன் என்றால் சொல்லை, லோகூ என்றால் சொல்லின், லோகோ என்றால் சொல்லுக்கு. நம்முடைய எட்டு வேற்றுமையைக் கிரேக்கம் ஐந்தில் அடக்கிக்கொள்கிறது. 'லோகோ' என்ற ஒரே உருபு இடத்தைப் பொறுத்து சொல்லால், சொல்லுக்கு, சொல்லில் என்று நம்முடைய மூன்றாம், நான்காம், ஏழாம் வேற்றுமையைத் தாங்கும். இப்படித் தமிழ் இலக்கணத்தின் மேல் வைத்துப் படித்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். எபிரேயத்துக்கு 22 எழுத்து, வலமிருந்து இடம். அதைக் கிரேக்கம் ஒரு வருடம் போன பிறகு பார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தபாலில் தொடங்கினால் இரண்டும் நிற்காது.

இனி அசைன்மென்ட். மதிப்பெண் போவது இங்கேதான், அதுவும் நன்றாகப் பிரசங்கிப்பவர்களுக்கே அதிகம் போகும். கேள்வி ஒன்று கேட்கும், அவர்கள் எழுதுவது பிரசங்கமாக இருக்கும். ஒரு கேள்வியை எடுத்துச் செய்து பார்க்கலாம்: "ரோமர் 3:21-26-ல் கிறிஸ்துவின் மரணத்தைப் பவுல் எவ்வாறு விளக்குகிறார்? 1500 சொற்களில் எழுதுக."

விளக்கவுரையை முதல் நாளே திறக்காதீர்கள். பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பிலும் பொது மொழிபெயர்ப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து முறை வாசியுங்கள். வேறுபடும் சொல்லைக் கோடிடுங்கள். 25-ம் வசனத்தில் பழையதில் 'கிருபாதாரபலி', பொது மொழிபெயர்ப்பில் 'கழுவாய்'. ஒரே சொல்லை இரண்டு குழு இப்படி வேறாகப் பெயர்த்தால் மூலத்தில் ஏதோ கனமான சொல் இருக்கிறது. ஒத்தவாக்கிய அகராதியிலோ செயலியிலோ பார்த்தால் அது 'ஹிலாஸ்டேரியொன்'. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் மற்ற இடம் ஒன்றே ஒன்று, எபிரெயர் 9:5. அங்கே பழைய மொழிபெயர்ப்பு அதைக் 'கிருபாசனம்' என்கிறது. அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மேல் மூடி. யாத்திராகமம் 25:17-ல் வரும் அதே மூடிக்குக் கிரேக்கப் பழைய ஏற்பாடும் இந்தச் சொல்லையே வைக்கிறது. லேவியராகமம் 16-ல் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் இரத்தம் தெளிக்கும் இடமும் அதுதான்.

இப்போது உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. பவுல் இயேசுவைப் பலி என்கிறாரா, பலியின் இரத்தம் தெளிக்கப்படும் இடம் என்கிறாரா? 'கிருபாதாரபலி' என்று மட்டும் வாசிக்கும் தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் ஏற்கெனவே 'பலி' என்று முடிவு செய்துவிட்டார். இங்கே வந்த பிறகுதான் விளக்கவுரை. இரண்டு விளக்கவுரையாவது, அவை ஒன்றோடொன்று முரண்படுபவையாக இருந்தால் இன்னும் நல்லது. யார் எந்தப் பக்கம், என்ன காரணம், உங்களுக்கு எது சரியாகப் படுகிறது, ஏன் என்று எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: 1 யோவான் 2:2-லும் பழைய மொழிபெயர்ப்பில் 'கிருபாதாரபலி' வரும். அங்கே மூலச்சொல் 'ஹிலாஸ்மோஸ்'. உறவுச் சொல்தான், அதே சொல் அல்ல. தமிழ்ச் சொல் ஒன்றாக இருக்கிறது என்று இரண்டையும் ஒன்றாக்கினால் திருத்துபவர் சிவப்பு மையில் சுழிப்பார்.

சொற்பங்கீடு ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: நிருபத்தின் வாதத்தில் இந்தப் பகுதி எங்கே நிற்கிறது என்பதற்கு 250, பகுதியின் ஓட்டத்துக்கு 400, இந்தச் சொல்லுக்கு 400, விளக்க வேறுபாடும் உங்கள் முடிவும் 300, உங்கள் சபையில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்பதற்கு 150. பிரசங்கத்துக்கு இடம் அந்தக் கடைசி 150 மட்டும். விளக்கவுரையிலிருந்து எடுத்த வரிக்கு ஆசிரியர், நூல், வெளியிட்ட ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஆறும் அடிக்குறிப்பில் வேண்டும். வாசிக்கும்போதே குறித்துவிடுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு பக்க எண் கிடைக்காது. குறிப்பில்லாமல் எடுத்து எழுதினாலும் இணையத்தில் இருந்து இறக்கினாலும் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவரின் தமிழ் திடீரென்று மூன்றாம் பத்தியில் மாறினால் எந்த டியூட்டருக்கும் கண்ணில் படும்.

திருச்சபை வரலாற்றுத் தாளை இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் வீணாக்குவது எனக்கு வருத்தம். ஐரோப்பாவின் சீர்திருத்தத்தை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், காலடியில் கிடப்பதைப் பார்ப்பதில்லை. அமெரிக்க மிசூரி லுத்தரன் சபையின் இந்திய மிஷன் தொடங்கியதே கிருஷ்ணகிரியில், 1895-ல். முதல் மிஷனரிகள் தியோடர் நேதரும் ஃபிரான்ஸ் மோனும். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் அது. தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-ல். உள்ளூர் ஆய்வு அசைன்மென்ட் கேட்டால் இதை எடுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல்வெட்டு, ஆலயத்தில் பதித்த கல், எண்பது வயதுப் பெரியவர்களின் வாய்மொழி, இவை எந்தப் பெரிய நூலகத்திலும் கிடைக்காத ஆதாரம். பதிவேட்டைப் பார்க்க ஆயரிடம் அல்லது பங்குத் தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், போட்டோ எடுக்கலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

நூலகத்துக்கு, ஓசூரில் இருப்பவருக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஐக்கிய இறையியல் கல்லூரி மில்லர்ஸ் சாலையில் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி, டியூட்டரின் கடிதத்தோடு அனுமதி பெற்று, விடுப்பு நாளில் போகலாம். தேட வேண்டிய தலைப்புகளை எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அலமாரிகளைப் பார்த்தே நாள் போய்விடும். தமிழ் நூல்களுக்குச் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. தேர்வு மையம் பெங்களூரு அல்லது சேலம் என்றால் போக்குவரத்து, ஒரு இரவு தங்கல் எல்லாம் செலவில் சேரும்.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: பதிவுக் கட்டணம், ஒரு தாளுக்கான கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம் அதில் அடங்குமா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும், பாதியில் நின்றால் முடித்த தாள்களுக்குச் சான்று உண்டா, அந்தத் தாள்களை வேறு செமினரி ஏற்குமா. கடைசி இரண்டு கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது வர வேண்டும். தனி நபரின் ஜி-பே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். பெரும்பாலான இடங்களில் சபையின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உங்கள் மூத்த போதகருக்கு நீங்கள் படிப்பதில் மனத்தாங்கல் இருக்கக்கூடும், படித்தால் சபையைப் பிரிப்பான் என்ற பயம் பல இடத்தில் உண்டு. விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுக் கடைசி நாளில் கையெழுத்துக்குப் போகாமல், சேர்வதற்கு முன்பே போய் உட்கார்ந்து பாடத்திட்டத்தைக் காட்டிப் பேசுங்கள். கூடிப் படிக்க அவரையும் அழையுங்கள், வந்தாலும் வருவார்.

தேர்வில் விழுவது பெரும்பாலும் கை. பத்து வருடமாக எழுதாத கைக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வராது. நாலாவது கேள்வியில் விரல் மரத்துவிடும். தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்து சனிக்கிழமை ஒரு கேள்வி, முப்பத்தைந்து நிமிடம், கடிகாரம் வைத்து, புத்தகத்தை மூடி எழுதுங்கள். தமிழில் தேர்வு எழுதலாமா என்பதைச் சேரும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். பாடம் தமிழில் இருந்து தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும் இடங்களும் உண்டு.

முதல் தாளாக எதை எடுப்பது? தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் மாற்கு. நான்கு சுவிசேஷங்களில் சிறியது, பதினாறே அதிகாரம், ஒரே அமர்வில் முழுதாக வாசித்துவிடலாம். வேதத்தை எப்படிப் படிப்பது என்ற பயிற்சிக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. 16:9-20 மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லை என்பதில் தொடங்கி, பாட வேறுபாடு என்றால் என்ன என்று கற்கலாம். 4:38-ஐப் பாருங்கள். புயலில் படகு நிரம்புகிறது, சீஷர்கள் எழுப்புகிறார்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" கிரேக்கத்தில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் வேறுபாடு கிடையாது. தமிழில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும், மொழிபெயர்ப்பாளர் 'நாங்கள்' என்று வைத்தார். அப்படியானால் அதே படகில் படுத்திருக்கிறவர் மடிந்துபோகிறவர்களோடு சேர்ந்தவர் அல்ல. 'நாம்' என்று வைத்திருந்தால்? முதல் கூட்டத்தில் இந்த ஒரு சொல்லை மேசையில் வையுங்கள். இரண்டு மணி நேரம் போதாது.